குறட்டையைச் சொன்னால் வேலை போகாது என்று எழுதிக் கொடுங்கள்

சரக்கு லாரிகளையும் பயணிகள் பஸ்களையும் இயக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், கனரக வாகன உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி பார்ப்பவன். வருகிறவர்களின் தலையிலும் மார்பிலும் விரலிலும் கருவிகளை ஒட்டிவிட்டு, அவர்கள் தூங்கும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அப்படி வருகிறவர்களில் லாரி, பஸ் ஓட்டுநர்களும் உண்டு. மற்றவர்கள் "இத்தனை ஒயரோடு எப்படித் தூக்கம் வரும்?" என்று கேட்பார்கள். ஓட்டுநர்கள் அதைக் கேட்பதில்லை. கடைசி ஒயரை ஒட்டி முடிக்கிற நேரத்தில், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "இந்த ரிப்போர்ட் கம்பெனிக்குப் போகுமா?"

இதற்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. ரிப்போர்ட் மருத்துவரிடம் போகும் என்று மட்டும் சொல்வேன். அதற்குப் பிறகு அவருடைய வேலைக்கு என்ன ஆகும் என்பதற்கான பதில் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்லீப் ஆப்னியா என்ற பேரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் அது. தூங்கும்போது உடம்பின் தசைகள் தளரும். தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் சேர்ந்தே தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் மென்மையான பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். உடனே மூளை சில வினாடி விழித்துத் தொண்டையைத் திறக்க வைக்கும். பெரிய குறட்டையோடோ திணறலோடோ மூச்சு திரும்பும். அந்த மனிதர் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுவார். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

பத்து வினாடியாவது மூச்சு நின்றாலோ, பெரிதாகக் குறைந்து அதோடு ஆக்ஸிஜன் இறங்கினாலோ விழிப்பு வந்தாலோ, அதை ஒரு தடையாகக் கணக்கில் எடுப்போம். மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு தடைப்படுகிறது. மணிக்கு 60ஐத் தாண்டியவர்களையும் நான் திரையில் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் கட்டிலில் இருந்துவிட்டு எழுந்து, "நல்லா தூங்கினேன், ஆனா அசதியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஓட்டுநர்களின் களைப்பைப் பற்றி இதுவரை போடப்பட்ட விதிகள் பெரும்பாலும் மணிக்கணக்கைப் பற்றியவை: இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, இத்தனை மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அவை மிகவும் தேவையான விதிகள். பல இடங்களில் அவைகூடக் காகிதத்தில்தான் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த விதிகள் எல்லாம், படுத்த மனிதர் தூங்குவார், தூங்கியவர் தெளிவாக எழுவார் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. மூச்சுத்தடை உள்ளவருக்கு அது பொருந்தாது. அவருக்குப் பத்து மணி நேரம் ஓய்வு கொடுங்கள், பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். அவர் உடம்புக்குக் கிடைத்தது துண்டு துண்டாக அறுந்த தூக்கம்தான். விபத்துக்குப் பிறகு பதிவேட்டைப் புரட்டி, "ஓய்வு கொடுத்திருக்கிறோமே" என்று நிறுவனம் சொல்லும். "தூங்கிட்டுத்தானே வந்தேன்" என்று ஓட்டுநரும் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இப்படித் தூக்கம் அறுந்த மூளை பகலில் தானாகவே சில வினாடிகள் அணைந்துவிடும். கண் திறந்தே இருக்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கும். நான்கு வினாடி தூக்கத்தில் 100 மீட்டர், ஓட்டுபவர் இல்லாமலேயே போயிருக்கும். குடித்துவிட்டு ஓட்டுபவர்கூடத் தாமதமாகவாவது பிரேக்கை மிதிப்பார்; தூங்கிவிட்டவர் மிதிப்பதே இல்லை. இந்த வகை விபத்துகளில் பல சமயம் சாலையில் டயர் தேய்ந்த தடமே இருக்காது. பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரையும், மதியத்துக்குப் பிறகும் இது அதிகம் நடக்கும். நம் உடம்பின் கடிகாரம் எல்லோரையும் தூக்கத்துக்கு இழுக்கிற நேரம் அது.

எவ்வளவு ஆபத்து? இது பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, மூச்சுத்தடை உள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சராசரியாக ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டது. எத்தனை பேருக்கு இருக்கிறது? 2002இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வணிக உரிமம் வைத்திருக்கும் ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வில், லேசானது முதல் கடுமையானது வரை எல்லாம் சேர்த்து 28 சதவீதம் பேருக்கு இருந்தது. கடுமையான வகை மட்டும் 4.7 சதவீதம். உங்களிடம் நூறு ஓட்டுநர்கள் இருந்து, அதே விகிதம் பொருந்தினால், ஏறக்குறைய ஐந்து பேர் இன்றிரவு கடுமையான மூச்சுத்தடையோடு படுத்துவிட்டு நாளை வண்டியை எடுப்பார்கள். உட்கார்ந்தே செய்யும் வேலை, நேரம் தப்பிய சாப்பாடு, மாறிக்கொண்டே இருக்கும் ஷிப்ட், ஏறும் எடை என்று இந்தத் தொழிலே நோயை வளர்க்கும் தொழில். உலகம் முழுக்க 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 93 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கலாம் என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. அபூர்வ நோய் இல்லை இது.

நடந்த சில விபத்துகளைச் சொல்கிறேன். 2013 டிசம்பர் 1ஆம் தேதி காலையில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருக்கவில்லை, போனில் பேசவில்லை. பிறகு அவரைச் சோதித்தபோது கடுமையான மூச்சுத்தடை இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பு யாரும் அவரை அதற்காகச் சோதித்ததே இல்லை. விபத்துக்குச் சற்று முன்புதான் அவருடைய ஷிப்டும் அதிகாலைக்கு மாறியிருந்தது. மூன்று வருடம் கழித்து, 2016 செப்டம்பர் 29 அன்று, நியூஜெர்சியின் ஹோபோக்கன் நிலையத்தில் இன்னொரு ரயில் நிற்காமல் தண்டவாளத்தின் முடிவில் மோதியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அங்கும் விபத்துக்குப் பிறகுதான் ஓட்டுநருக்குக் கடுமையான மூச்சுத்தடை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

ஜப்பானில் 2003 பிப்ரவரியில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். அதிவேக ரயில் ஒன்றின் ஓட்டுநர் ஓடும் ரயிலில் சுமார் எட்டு நிமிடம் தூங்கிவிட்டார். தானியங்கிக் கட்டுப்பாடு ரயிலை ஒகயாமா நிலையத்தில் நிறுத்தியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சோதித்தபோது அவருக்கும் இதே நோய். அந்த ரயிலைத் தானாக நிறுத்த ஒரு கருவி இருந்தது. உங்கள் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒன்று இல்லை.

ஏன் ரயில்களையே சொல்கிறேன் என்று கேட்கலாம். ரயில் விபத்தில் வேகம், பிரேக், நேரம் எல்லாம் பதிவாகியிருக்கும், விசாரணைக்குழு வரும், உயிரோடு இருக்கும் ஓட்டுநரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். லாரி விபத்தில் ஓட்டுநரே பல சமயம் இறந்துபோகிறார். இறந்தவருக்குத் தூக்கப் பரிசோதனை செய்ய வழியில்லை. "ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து" என்ற ஒரு வரியோடு அறிக்கை முடியும். அவர் ஏன் கட்டுப்பாட்டை இழந்தார் என்று கேட்க ஆள் இருக்காது. அபூர்வமாக ஒரு லாரி விபத்தை ஆழமாக விசாரித்தபோது என்ன தெரிந்தது என்பதற்கு 2009 ஜூன் 26 ஓர் உதாரணம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மயாமி என்ற ஊருக்கு அருகே, முன்னால் நடந்த ஒரு சிறு விபத்தால் நின்றிருந்த கார் வரிசைமேல் ஒரு பெரிய லாரி, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமலேயே, ஏறியது. பத்து பேர் இறந்தார்கள். லாரியை ஓட்டியவருக்கு 76 வயது. முந்தைய இரவு போதாத தூக்கம், அதிகாலையில் தொடங்கும் பணி, அதோடு லேசான மூச்சுத்தடை, இந்த மூன்றும் சேர்ந்த களைப்புதான் காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுக்கு வந்தது. லேசானது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஷிப்ட் அட்டவணையோடு சேரும்போது லேசான நோய்க்கும் வலு வந்துவிடுகிறது.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? நான் பார்த்தவரை காரணம் ஒன்றுதான். ஓட்டுநர் சொல்ல மாட்டார்.

உரிமம் புதுப்பிக்கும்போது ஒரு படிவம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "சத்தமாகக் குறட்டை விடுவீர்களா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பகலில் தூக்கக் கலக்கம் உண்டா?" இவை நல்ல கேள்விகள். பகல் தூக்கக் கலக்கத்தை அளக்க ஆஸ்திரேலியாவில் 1991இல் உருவான எப்வொர்த் அளவுகோலும், மூச்சுத்தடை இருக்குமா என்று கணிக்கக் கனடாவில் 2008இல் வெளியான ஸ்டாப்-பேங் கேள்விகளும் உலகம் முழுக்கப் பயன்படுபவை. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் ஆசிரியரோ கணக்கரோ அந்தப் படிவத்தை உண்மையாக நிரப்புவார், ஏனென்றால் அவருக்குக் குணமாக வேண்டும். ஓட்டுநர் அதே படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுவார். "ஆம்" போட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், அப்புறம் வீட்டுக்கு என்ன அனுப்புவது என்ற பயம் அவருக்கு. படிவத்தில் எல்லாம் இல்லை என்று எழுதியவரின் தூக்கப் பதிவில் மூச்சு நிமிடத்துக்கு நிமிடம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மைக்கு அபராதம் போடும் படிவத்தை நீட்டினால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

வீட்டிலேயே செய்யும் எளிய பரிசோதனைகள் இப்போது உண்டு. விரலில் ஆக்ஸிஜன் அளவி, மூக்கருகே காற்றை அளக்கும் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். ஓட்டுநர்கள் அந்தக் கருவியை வேறு யாருக்காவது மாட்டித் தூங்க வைத்துவிடக் கூடாது என்பதற்காக, அவிழ்த்தால் காட்டிக்கொடுக்கும் மணிக்கட்டுப் பட்டையோடு வரும் கருவிகள்கூட இருக்கின்றன. அப்படி ஒரு பட்டை தேவைப்படும் நிலைக்கு வந்திருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. நோயைக் கண்டுபிடித்ததும் தண்டனை வரும் என்று தெரிந்தால் பூட்டும் சாவியும்தான் மிஞ்சும்.

இதில் மிகவும் கஷ்டமான விஷயம் என்னவென்றால், இது சிகிச்சை உள்ள நோய். சிபாப் என்ற கருவியை 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய சக ஆய்வாளர்களும் உலகுக்குச் சொன்னார்கள். ஒரு சின்ன இயந்திரம், ஒரு குழாய், மூக்கில் ஒரு மாஸ்க். மிதமான அழுத்தத்தில் காற்று தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். அந்த அழுத்தமே தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும். மாத்திரை கிடையாது, கத்தி வைக்கத் தேவையில்லை. மாஸ்க் பொருந்திய முதல் ராத்திரியிலேயே திரையில் கோடுகள் சீராவதைப் பார்ப்பேன். பலருக்குச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பகல் தூக்கக் கலக்கம் குறைந்துவிடும். பார்வை இழந்தவரை மறுபடி லாரி ஓட்ட வைக்க முடியாது. மூச்சுத்தடை உள்ள ஓட்டுநரைப் பெரும்பாலும் திரும்ப ஓட்ட வைக்க முடியும். அவரை இழக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

அமெரிக்காவில் ஷ்னைடர் என்ற பெரிய லாரி நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. ஆபத்து இருக்கலாம் என்று தோன்றிய ஓட்டுநர்களைச் சோதித்து, நோய் உள்ளவர்களுக்கு ஓட்டுநர் கையிலிருந்து செலவு வராமல் கருவியைக் கொடுத்தது. கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதன் பதிவிலிருந்து பார்த்தது. அந்த ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. சிகிச்சையை ஏற்காத ஓட்டுநர்களுக்கு, தடுத்திருக்கக்கூடிய கடுமையான விபத்துகளின் விகிதம், நோய் இல்லாத சக ஓட்டுநர்களைவிட ஐந்து மடங்கு. கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கும் நோய் இல்லாதவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இதே நோய் உள்ள இரண்டு பேரில் ஒருவர் ஐந்து மடங்கு ஆபத்தோடும் இன்னொருவர் எல்லோரையும் போலவும் ஓட்டுகிறார். நடுவில் இருப்பது ராத்திரி மாஸ்க் போட்டாரா என்பதுதான்.

அதே ஆய்விலிருந்து உரிம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினால், வேறொரு நிறுவனத்தில் நோயைச் சொல்லாமலே சேர்ந்து ஓட்டத் தடை இல்லை. நாட்டளவில் விதி இல்லாததுதான் காரணம். ஒரு நிறுவனம் மட்டும் நல்லது செய்தால் ஆபத்து பக்கத்து நிறுவனத்தின் வண்டிக்கு மாறிப்போகும். அமெரிக்க அரசு 2016 மார்ச்சில் லாரி, ரயில் ஓட்டுநர்களுக்கு மூச்சுத்தடைப் பரிசோதனை பற்றி விதி கொண்டுவரும் முதல் படியை எடுத்தது. 2017 ஆகஸ்டில் அதைக் கைவிட்டது. ஹோபோக்கன் விபத்து நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த முடிவு தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 2014இல் வந்த அதன் உத்தரவு, நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், உரிமம் தருவதற்கோ புதுப்பிப்பதற்கோ முன்பு மருத்துவ ஆலோசனைக்கு அனுப்பச் சொல்கிறது. நோய் உறுதியாகும்வரை ஓட்டாமல் இருக்கும்படி அறிவுறுத்தலாம் என்கிறது. அதோடு நிற்கவில்லை. நோய் கட்டுக்குள் இருக்கிறது, சிகிச்சையைச் சரியாக எடுக்கிறார், தூக்கக் கலக்கம் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் உறுதி சொன்னால் உரிமம் கொடுக்கலாம். கனரக வண்டி ஓட்டுபவருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபரிசோதனை வேண்டும். திரும்பி வரும் வழி சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் விதியிலும் இந்தப் பகுதி இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கையின் மையம். பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டுத் திரும்பும் வழியை எழுதாமல் விட்டால், ஓட்டுநர்கள் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வார்கள்.

நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான். பரிசோதனைச் செலவும் கருவியின் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும். நோய் கண்டுபிடிக்கப்பட்டு, மருத்துவர் ஓட்ட வேண்டாம் என்று சொல்லும் நாட்களுக்கு ஓட்டுநரின் சம்பளம் நிற்கக் கூடாது. ஏற்று இறக்கும் கணக்கோ, பணிமனை வேலையோ, புதியவர்களுக்குப் பயிற்சியோ, ஏதாவது கொடுங்கள். பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு வண்டி நின்றால் வருமானமே இல்லை. அவருடைய முந்தைய வருமானத்தின் சராசரியைக் கணக்கிட்டு அந்த நாட்களுக்குக் கொடுங்கள். பெரும்பாலோருக்கு அது சில வாரங்கள்தான். சிலருக்கு மாஸ்க் போட்டும் கலக்கம் மிஞ்சும்; அவர்களுக்காக, மங்கலான அறையில் 40 நிமிடம் சும்மா உட்கார்ந்து விழித்திருக்க முடிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. ஒரே பகலில் இடைவெளி விட்டு நான்கு முறை அதைச் செய்வோம். முடிவை மருத்துவர் சொல்லட்டும்.

கட்டுப்படியாகாது என்பீர்கள். ஓட்டுநர்கள் கிடைக்காத காலத்தில் இருப்பவரையும் நிறுத்தினால் சரக்கு எப்படிப் போகும் என்பீர்கள். இது நியாயமான கவலைதான், சின்ன நிறுவனங்களுக்கு நிஜமான சுமையும்கூட. அதனால்தான் அரசும் காப்பீட்டாளர்களும் இதில் பங்கெடுக்க வேண்டும் என்கிறேன். ஆனால் அனுபவமுள்ள ஓட்டுநரைச் சில வாரங்கள் வண்டியிலிருந்து இறக்கிச் சரிசெய்து திரும்பப் பெறுவதை, அவரை ஒரேயடியாக இழப்பதோடும், உடைந்த வண்டியோடும், எதிரே வந்த குடும்பத்தோடும் வைத்துப் பாருங்கள். ஓட்டுநர் பற்றாக்குறை இருக்கும்போதுதான் இருப்பவர்களைக் காப்பாற்றும் சிகிச்சை அதிகம் தேவை.

யாரைச் சோதிப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. குண்டானவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தாதீர்கள். எடை, தடித்த கழுத்து, உயர் ரத்த அழுத்தம், வயது எல்லாம் முக்கியமான அறிகுறிகள்தான். டேப்பை வைத்துக் கழுத்தை அளப்பதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் படிவத்தைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவற்றில் "இல்லை" என்று எழுத முடியாது. ஆனால் கீழ்த்தாடை சின்னதாகப் பின்தள்ளி இருப்பவர்களுக்கும், டான்சில் பெரிதாக இருப்பவர்களுக்கும் ஒல்லியாக இருந்தாலும் இது வரும். ஆசிய மக்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வருவது தெரிந்த விஷயம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்பு கூடும், அவர்களிடம் குறட்டையைவிட அசதியும் தூக்கமின்மையும்தான் பெரிதாகத் தெரியும். காலையில் தலைவலி, வாய் வறட்சி, ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் உங்கள் மருத்துவர் கேட்க வேண்டும். முடிந்தால் ஓட்டுநரின் மனைவியையோ கணவரையோ கேளுங்கள். தூங்குபவருக்குத் தெரியாததைப் பக்கத்தில் விழித்திருப்பவர்தான் பார்க்கிறார். "திடீர்னு மூச்சு நின்னுடும், நான் தட்டி எழுப்புவேன்" என்று ஆய்வுக்கூடத்துக்குக் கூட வருபவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பயத்தோடு விழித்துக் கிடப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கருவி கொடுத்ததோடு வேலை முடியாது. மாஸ்க் முதல் வாரங்களில் தொல்லை கொடுக்கும். ஓரத்தில் காற்று கசியும், மூக்கு காயும், மூக்குத்தண்டில் தழும்பு வரும், சிலருக்கு மூச்சு முட்டுவது போலிருக்கும். வேறு அளவு, வேறு வடிவம், ஈரப்பதம் சேர்க்கும் கிண்ணம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தால் பலர் பழகிவிடுவார்கள். யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்றால் கருவி அலமாரிக்குப் போய்விடும். வண்டியிலேயே தூங்கும் ஓட்டுநருக்கு வண்டி பேட்டரியில் ஓடும் இணைப்பு வேண்டும், கருவியை வைக்க ஓர் இடம் வேண்டும். புதிய வண்டி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது ஒரு மின்செருகி வைப்பது போன்ற சின்ன விஷயம். இருவர் மாறி மாறி ஓட்டும் வண்டியில், ஓடும்போதே படுத்துத் தூங்குபவருக்கு ஏற்கனவே தூக்கம் சரியாக வராது. அவருக்கு மூச்சுத்தடையும் இருந்தால் நின்ற இடத்தில் தூங்கும் வழியைக் கொடுங்கள்.

இன்னொன்று, கருவியின் பதிவு. எத்தனை மணி நேரம் போட்டார், மூச்சு இன்னும் நிற்கிறதா என்பதை அது மருத்துவருக்குச் சொல்லும். பொதுவாக, பத்து ராத்திரியில் ஏழிலாவது நான்கு மணி நேரம் போட்டால் குறைந்தபட்சம் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதே நல்லது. இந்தப் பதிவு மேலாளர் மேசைக்குப் போகக் கூடாது. "ஓட்டத் தகுதி உண்டு" அல்லது "இப்போதைக்கு இல்லை" என்ற ஒரு வரி மட்டும் மருத்துவரிடமிருந்து நிறுவனத்துக்குப் போனால் போதும். ஓட்டுநர் படுக்கைக்கு எத்தனை மணிக்குப் போனார், எந்த ராத்திரி வீட்டில் இல்லை என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. நோயைச் சொன்ன ஓட்டுநரைப் பதவி உயர்விலும் நல்ல தடங்களிலும் ஓரங்கட்டினாலும் செய்தி பரவிவிடும். ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளாத விஷயம் கிடையாது.

சிலர் இதற்கெல்லாம் காபி, ஜன்னல் காற்று, பாட்டு என்று பதில் வைத்திருக்கிறார்கள். காபியும் இருபது நிமிடக் குட்டித் தூக்கமும் ஆரோக்கியமான ஓட்டுநருக்குக் கொஞ்ச நேரம் உதவும். மூச்சுத்தடை உள்ளவரின் குட்டித் தூக்கத்திலும் மூச்சு நிற்கத்தான் செய்யும். தூங்குவதற்கு முன் குடிக்கும் மதுவும், சில தூக்க மாத்திரைகளும் தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்கம் வரவில்லை என்று அவராகவே மாத்திரை வாங்கிப் போடும்போது நோய் மோசமாகலாம். கண் மூடினால் ஒலிக்கும் கேமராக்களை நீங்கள் வண்டியில் பொருத்துவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அடிக்கடி ஒலிக்கும் ஓட்டுநருக்கு மெமோ கொடுப்பதற்குப் பதிலாகத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

உரிமம் வழங்கும் அதிகாரிகள் சட்டத்தைத் திருத்த நாள் பிடிக்கும் என்பது தெரியும். நிறுவனங்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஓட்டுநர்கள் கையெழுத்துப் போடும் அறையில் ஓர் அறிவிப்பை ஒட்டலாம். நிறுவனத் தலைவரின் கையெழுத்தோடு, ஓட்டுநர்களின் மொழியில், ஏறத்தாழ இப்படி இருந்தால் போதும்:

"சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல், ஓட்டும்போது தூக்கக் கலக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் உங்களிடம் பணம் வாங்க மாட்டோம். சிகிச்சை முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை உங்களுக்கு வேறு வேலையும் அதே வருமானமும் உண்டு. உங்கள் மருத்துவ ரிப்போர்ட் நிர்வாகத்துக்கு வராது. அனுமதி கிடைத்த அன்றே உங்கள் வண்டி, உங்கள் தடம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்."

இதை ஒட்டிய நிறுவனத்திலிருந்து ஓர் ஓட்டுநர் வந்து என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், என்னால் நேராகப் பதில் சொல்ல முடியும்.

மரியாதையுடன்,
தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒரு தொழில்நுட்பர்